முப்பி சொன்னா சரி

செத்து மூன்று மாதமான ஏழு வயதுப் பிள்ளை முப்பிடாதி, ஐப்பசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, சங்கரன்கோவில் முத்துப்பவளம் ஜவுளி மாளிகையின் இரண்டாவது மாடியில், காட்டன் சேலைக் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றிருந்த தன் அம்மா வள்ளிமயிலின் வாய் வழியாக முதல் தடவை பேசியபோது, அந்த மாடிக்கு சூப்பர்வைசரான நான் ஸ்டாக் நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். கோடு கோணவில்லை.

வள்ளிமயிலுக்கு எதிரே, புளியங்குடியிலிருந்து வந்த ஒரு டீச்சரம்மா மாம்பழ மஞ்சளில் ஒரு சேலையை விரித்துப் போட்டு, எங்கள் கடையில் ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கப்படுகிற கேள்வியைக் கேட்டார்: "சாயம் போகுமா?" அதற்கு ஒரே பதில்தான் உண்டு. வேலைக்குச் சேருகிற அன்றே அதை நான்தான் எல்லாப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுப்பேன், 'போகவே' என்பதில் கொஞ்சம் இழுக்க வேண்டும் என்பது உட்பட: "போகவே போகாதுக்கா, நானே இதத்தான் வீட்டுல கட்டுதேன்." வள்ளிமயில் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு குரல், மெல்லிசாக, மூக்கில் லேசாகச் சளி கட்டிய குரல். "போகும். ரெண்டு மூணு தடவ தனியா அலசுங்க. எங்கம்மாகிட்ட இந்தச் சேல கெடையாது."

"அப்படியா கண்ணு," என்றார் டீச்சரம்மா. தலையை ஆட்டிக்கொண்டு அந்தச் சேலையையே பில் போடச் சொன்னார். வள்ளிமயில் தன் வாயைத் தன் கையாலேயே பொத்தினாள், பிறகு உள்ளே இருப்பவளுக்கு மூச்சு முட்டிவிடுமோ என்று நினைத்தவள் போல அவசரமாக எடுத்துவிட்டாள். பக்கத்துக் கவுண்ட்டர் ஜெபராணி ஒரு தடவை என்னைப் பார்த்தாள், நான் நோட்டைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

எங்கள் கடைப் பொய்யைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், அது இல்லாமல் முப்பி எப்படிச் செத்தாள் என்பது விளங்காது. குட்டையானவளுக்குப் பெரிய பார்டரைக் காட்டி "உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி இருக்கு" என்பதும், மூன்று வருஷமாக அலமாரியில் கிடந்ததை எடுத்து "நேத்து ராத்திரி லாரியில வந்து எறங்குச்சு" என்பதும் எங்களுக்குப் பொய்யே கிடையாது, அது வேலை. ஆனால் நாள் முழுக்க வாய் கூசாமல் அள்ளிவிடுகிற இடத்தில் அந்தப் பழக்கம் கவுண்ட்டருக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. லீவு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் எனக்கும் அதையே செய்தார்கள். ஒரே தாய்மாமனை மூன்று தடவை சாகடித்த பெண் ஒருத்தி எங்களிடம் வேலை பார்த்தாள். இன்னொருத்தி தன் கொழுந்தியை விட்டு, ஸ்கூல் டீச்சர் பேசுவது போல என் மேசைக்கே போன் பண்ண வைத்தாள். அதனால் நானும் யாரையும் நம்புவதில்லை, நம்பாமல் இருப்பதுதான் சூப்பர்வைசருக்கு அழகு என்று நினைத்துக்கொண்டேன், முப்பது வருஷம் அப்படியே ஓட்டினேன்.

அந்த வருஷம் ஆடி வெள்ளிக்கிழமை, அம்மன் கோயில் தபசுத் திருவிழாவுக்கு ஊரே திரண்டிருந்த நாள், தள்ளுபடிக் கூட்டம் படிக்கட்டு வரை நின்ற நேரம், பதினோரு மணிக்கு என் மேசைப் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர். முப்பிடாதிக்கு வயிற்று வலி, வெளியே பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறோம், அம்மாவை அனுப்புங்கள் என்றார். வள்ளிமயிலைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் கேட் பாஸ் கேட்டாள். பாஸ் இல்லாமல் வேலைக்காரர்கள் யாரும் பின்பக்க இரும்புக் கேட்டைத் தாண்ட முடியாது. நான் சிரித்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "எல்லாருக்கும் ஆடியிலதான் பிள்ளைக்கு வயித்து வலி வருது. யாருக்குட்டி காது குத்துத? கூட்டம் கொறையட்டும், போ" என்றேன். அவள் கீழே ஓடிப் பார்த்தாள். வாட்ச்மேன் மாசானம், பாஸ் இல்லாமல் முதலாளியின் மச்சினனையே விடாதவர், திருப்பி அனுப்பினார். நாலு மணி பத்து நிமிஷத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பிள்ளை அந்த பெஞ்சிலேயே சுருண்டு கிடந்திருக்கிறாள். குடல்வால் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

பதினேழாம் நாள் வள்ளிமயில் வேலைக்கு வந்தாள். அவள் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், காரியம் முடிந்ததும் அங்கேயே போய்விட்டான். என்னை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நான் தூங்கியிருப்பேன். சேலையை எடுத்தாள், விரித்தாள், மடித்தாள், "போகவே போகாதுக்கா" என்று சொன்னாள், அப்படியே ஐப்பசி வரை போனது. அப்புறம்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது.

முதலில் புளியங்குடிக்காரர்கள் வந்தார்கள். டீச்சரம்மா சொல்லி அவர் தெரு வந்தது, தெரு சொல்லி ஊர் வந்தது, பிறகு கடையநல்லூர், திருவேங்கடம், கரிவலம் என்று பஸ் பஸ்ஸாகப் பெண்கள் வந்து இறங்கி, மற்ற மாடிகளை எட்டிக்கூடப் பார்க்காமல் நேரே வள்ளிமயில் முன்னால் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் வாயைப் பார்த்து, "முப்பி, எனக்கு எந்தக் கலர்ட்டி நல்லாருக்கும்?" என்று கேட்டார்கள். முப்பி சொன்னாள். "பச்ச வேண்டாம், நீங்க பச்சயில தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்கீங்க." "இது நல்லாருக்கு, ஆனா குத்தும்." "குண்டாத்தான் தெரியுது. ஆனா உங்க கை அழகா இருக்கு, கை தெரியுற மாதிரி கட்டுங்க." ஒருத்திகூடக் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. நாற்பது வருஷமாக யாரும் அழகென்று சொல்லாத அந்தக் கையை டியூப் லைட்டில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் போனார்கள். கல்யாண வீட்டார் முகூர்த்தச் சேலையை எடுத்தபிறகும் முப்பியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பில் போட விடமாட்டார்கள். "உனக்கு எத்தன வயசு தாயி?" என்று ஒரு அம்மா கேட்டதற்கு, "ஏழு. பஸ்ல அஞ்சு" என்றாள். மாடியே சிரித்தது, வள்ளிமயிலும் பிள்ளை போனபிறகு முதல் தடவையாகச் சிரித்தாள், பேச்சும் சிரிப்பும் ஒரே வாயிலிருந்துதான் வந்தன.

கவுண்ட்டரில் தேன் மிட்டாய் வைத்துவிட்டுப் போனார்கள், கல்கோனா வைத்தார்கள், ஒரு மிளகாய் வியாபாரி சம்சாரம் காதில் போடுகிற பிளாஸ்டிக் ஜிமிக்கி வைத்தார். செத்த பிள்ளை பேசுவதைப் பற்றி யாரும் பூசாரியைக் கூப்பிடவில்லை, பத்திரிகைக்காரனைக் கூப்பிடவில்லை. சேலை எடுக்கிற இடத்தில் ஒரு உண்மையான பேச்சு கிடைக்கிறதென்றால் அது எங்கேயிருந்து வருகிறது என்று எதற்குத் துருவ வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் விட்டுவிட்டார்கள்.

மாடிக்குள்ளேயும் சில காரியங்கள் நடந்தன. ஒரு நாள், கேட்காமலேயே முப்பி, "ஜெபா அத்தைக்குக் கால் வீங்கியிருக்கு, காலையிலேர்ந்து நிக்காங்க" என்றாள். எதிரே இருந்த வாடிக்கையாளர் எழுந்து தன் ஸ்டூலை ஜெபராணியிடம் தள்ளிவிட்டார். எல்லாக் கவுண்ட்டரும் என்னைப் பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் மாடியில் பெண்கள் கூட்டமில்லாத நேரம் உட்கார்ந்தார்கள். இன்னொரு நாள் ஒரு அம்மா, "விலையக் கொறைக்க அந்த அண்ணாச்சியக் கேக்கட்டுமா?" என்று என்னைக் காட்டியதற்கு, முப்பி, "அவங்க பாவம், பயப்படுவாங்க. முதலாளி வந்தா பேனாவத் தொறந்து தொறந்து மூடுவாங்க" என்றாள். என் கையில் பேனா திறந்திருந்தது. எனக்கு அவமானமாக இல்லை, அழுகைதான் வந்தது, ஏனென்றால் அந்தக் குரலில் கோபம் என்று ஒரு பொட்டுக் கூட இல்லை. அதற்குப் பிறகு லீவு கேட்டு வந்தவர்கள் தாய்மாமனைக் கொல்வதை விட்டுவிட்டார்கள். "அண்ணாச்சி, மனசு சரியில்ல, இன்னைக்குச் சும்மா படுத்துக் கெடக்கணும்" என்று ஒருத்தி வந்து சொன்னாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

வள்ளிமயிலுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் இருந்தது. எதிரே ஒரு ஆள், நடுவில் விரித்த சேலை, இரண்டும் இருந்தால்தான் முப்பி வருவாள். சாப்பாட்டு அறையில் வரமாட்டாள், வீட்டில் வரமாட்டாள். வீட்டில் கண்ணாடி முன்னால் சேலையை விரித்துவைத்து விடிய விடியப் பார்த்தும் வரவில்லை என்று ஜெபராணியிடம் சொல்லியிருக்கிறாள். மகளிடம் எதையாவது கேட்க வேண்டுமென்றால் இவள் முகத்தைத் திருப்பித் தன் குரலில் கேட்க வேண்டும், மறுபடி எதிரே இருக்கிற ஆள் கேட்டால்தான் மகள் பேசுவாள். அதனால் அவள் வார லீவு எடுப்பதை நிறுத்தினாள், சாப்பாட்டை நாலு வாயில் முடித்தாள், கூட்டமில்லாத மத்தியானங்களில் தவித்தாள். அந்த நேரங்களில் ஜெபராணி, போட்டிக் கவுண்ட்டர்க்காரி, முன்பெல்லாம் ஒரு வாடிக்கையாளருக்காக இவளோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவள், சுற்றிவந்து எதிரே உட்கார்ந்து, பெரிய இடத்துப் பெண் போலக் காலாட்டிக்கொண்டு, "ஏட்டி, அந்த நீலத்த எடுத்துப் போடு" என்பாள்.

அப்படி ஒரு மத்தியானம்தான் ஜெபராணி, "முப்பி, சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

"இல்ல. டப்பால தயிர்ச்சோறு அப்படியே இருக்கு."

"ஏன் தாயி? எங்க இருக்க நீ?"

"வெளிய பெஞ்சுல. டீச்சர் உக்காரச் சொன்னாங்க. எங்கம்மா வருவாங்களாம்."

ஜெபராணி எழுந்து தன் கவுண்ட்டருக்குப் போய், மடித்து வைத்த சேலைகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து வள்ளிமயிலிடம், மெதுவாக, "போய்க் கூட்டிட்டு வந்துரேன்ட்டி. இன்னும் அங்கேயே இருக்காளே" என்றாள்.

"கூட்டிட்டு வந்துட்டா அப்புறம் பேசுவாளா?" என்றாள் வள்ளிமயில். "காத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் இருக்காள்லா. என்னைய ஒண்ணும் சொல்லாத ஜெபா."

அவர்களுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்ட நான் என் மேசைக்குத் திரும்பிவிட்டேன். அந்தப் பிள்ளையை அந்த பெஞ்சில் உட்கார வைத்ததே நான்தான்.

முதலாளி சங்கரலிங்கம் ஐயா மோசமான மனிதர் இல்லை, வியாபாரி. இரண்டாவது மாடியில் மட்டும் கூட்டம் ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்ததும், வாசலில் 'முப்பி சொன்னா சரி' என்று ஆளுயரத்துக்கு ஒரு பேனர் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். மற்ற மாடிகளுக்கும் இது வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். அவர் திரையில் ஒரு தொப்பைப் பாப்பா படத்தைப் போட்டு, "உங்களுக்குள்ள ஒரு குழந்தை இருக்கு, அதைத் தட்டி எழுப்புங்க, கஸ்டமர் மயங்கிடுவாங்க" என்று மூன்று நாள் வகுப்பெடுத்தார். நாற்பது வயதுப் பெண்கள் வரிசையாக நின்று கைதட்டி, தலையைச் சாய்த்து, "அத்தே, இது உங்ளுக்கு அயகா இக்கு" என்று பழகினார்கள். திங்கட்கிழமை பட்டு மாடியில் ஒருத்தி அதைச் சொல்ல, எதிரே இருந்த வெற்றிலைக்கார அம்மா, "என்னட்டி, பல்லு வலியா? கிராம்பு வச்சு அமுக்கு" என்று சொல்லிவிட்டு எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார். குழந்தை மாதிரிப் பேசினால் போதாது, அதற்கு வேறு ஒன்று வேண்டும் என்று அந்தப் பயிற்சியாளருக்கும் தெரியவில்லை, முதலாளிக்கும் தெரியவில்லை. எனக்கும் அப்போது தெரிந்ததாகச் சொல்ல மாட்டேன்.

மறுபடி ஆடி வந்தது. தபசுக்கென்று முதலாளி ஒரு பெரிய லாட் சிவப்புச் சேலை எடுத்திருந்தார். நல்ல ரத்தச் சிவப்பு, மஞ்சள் பார்டர், பார்த்தால் விடமாட்டார்கள். சாப்பாட்டு அறையில் ஒரு சேலையின் முந்தியை டம்ளர் தண்ணீரில் முக்கிப் பார்த்தேன், குங்குமத்தைக் கரைத்தது போலத் தண்ணீர் மாறிவிட்டது. டம்ளரை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் டம்ளரைப் பார்க்கவே இல்லை. "தெரியும்ய்யா கோமதிநாயகம். மொத்தமும் ஏமாந்து எடுத்துட்டேன். தபசுல தள்ளியாகணும். உம்ம மாடியிலதான் அந்தப் பிள்ள இருக்கே, போகாதுன்னு அது ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அது பொய் சொல்லாது ஐயா."

"பிள்ளதானவே, சொல்லிக்குடுத்தாச் சொல்லிட்டுப் போகுது."

"சொல்லாட்டி?"

"கீழ குடோன்ல மூட்ட பிரிக்க ஆள் வேணும்," என்றார்.

குடோனில் வாடிக்கையாளர் கிடையாது. அங்கே போனால் முப்பி பேசமாட்டாள், கடையை விட்டுப் போனாலும் பேசமாட்டாள். நான் பேனாவைத் திறந்து மூடினேன், திறந்து மூடினேன், கீழே இறங்கி வந்து வள்ளிமயிலிடம் அப்படியே சொன்னேன். அவள் கையிலிருந்த சேலையை மடித்து முடித்தாள், இன்னொன்றை எடுத்து மடித்தாள்.

"சொல்லிக்குடுத்தாச் சொல்லுவா அண்ணாச்சி," என்றாள். "பஸ்ல அஞ்சு வயசுன்னு நாந்தான் சொல்லிக்குடுத்தேன். சொன்னாள்லா."

வியாழக்கிழமை காலை, கடை திறப்பதற்கு முன்னால், ஒத்திகைக்கு நான் வாடிக்கையாளராக உட்கார்ந்தேன். நடுவில் சிவப்புச் சேலை. "முப்பி, சாயம் போகுமா?" என்று கேட்டேன். "போகும்," என்றாள் முப்பி. வள்ளிமயில் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தன் குரலில், "போகாதுன்னு சொல்லணும் தாயி, அம்மா சொல்லுதேன்லா" என்றாள், திரும்பினாள். மறுபடி கேட்டேன். "அம்மா போகாதுன்னு சொல்லச் சொன்னாங்க" என்று வந்தது. மறுபடி திரும்பிச் சொல்லிக்கொடுத்தாள். மறுபடி கேட்டேன். "போகவே போகாதுக்கா," என்றாள் முப்பி, 'போகவே' என்பதில் நான் எல்லாருக்கும் கற்றுக்கொடுக்கிற அந்த இழுப்போடு. வள்ளிமயில் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் ஆடி வெள்ளி. கூட்டம் படிக்கட்டு வரை. முதலாளியே மாடிக்கு வந்து படிக்கட்டு முனையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முதல் ஆள் கேட்டாள், முப்பி "போகாது" என்றாள், சிவப்புச் சேலை போனது. இரண்டாவது ஆளுக்குச் சொல்லும்போது மூக்கிலிருந்த சளி போய்விட்டது. மூன்றாவது ஆளுக்குச் சொல்லும்போது குரல் ஏழு வயதாக இல்லை, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரலாக இருந்தது. நாலாவது ஆளுக்கு அது சமைந்த பெண்ணின் குரல். ஆறாவதோ ஏழாவதோ, பக்கத்தில் பேசுகிற ஜெபராணியின் குரல் எது, முப்பியின் குரல் எது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. வள்ளிமயிலின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் மகள் அவள் கண்ணெதிரே, அவள் வாயிலேயே, வளர்ந்து வளர்ந்து எங்களில் ஒருத்தியாகிக்கொண்டிருந்தாள். ஜெபராணி தன் வாடிக்கையாளரை விட்டுவிட்டு, "ஏட்டி நிறுத்துட்டி, போயிருவாட்டி" என்று அழுதாள். முதலாளி படிக்கட்டிலிருந்து ஒரு தடவை கனைத்தார்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அவள் மகள், பல் விழுந்த வாயோடு, கவுண்ட்டருக்கு மேலே கண் மட்டும் தெரிகிற உயரத்தில் நின்று சிவப்புச் சேலையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தது. "முப்பியக் கேளும்மா," என்றது அம்மாவிடம். அம்மா கேட்டாள். "முப்பி, சாயம் போகுமா?"

வள்ளிமயில் வாயைத் திறந்தாள். "போகவே போகாதுக்கா," என்று வந்த குரலுக்கு முப்பது வயதிருக்கும். "நானே இதத்தான்..." அதோடு நின்றது. வள்ளிமயில் பிடிவாதமாக வாயைத் திறந்தே வைத்திருந்தாள். அப்புறம், எங்கேயோ தூரத்திலிருந்து வருவது போல, மெல்லிசாக, மூக்கில் சளி கட்டிய அந்தப் பழைய குரல் வந்தது.

"யம்மா. வயிறு வலிக்கும்மா."

வள்ளிமயில் சேலையை நாலாக மடித்தாள். வேலை பார்த்த கைக்கு அந்தப் பழக்கம் போகாது. மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கவுண்ட்டர்ப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து என் மேசை முன்னால் நின்றாள். போன வருஷம் நின்ற அதே இடம்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு வயித்து வலி. ஸ்கூல் பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. நான் போய் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். கேட் பாஸ் வேணும்." அது அவளுடைய சொந்தக் குரல். "அப்புறம் பேசமாட்டா. தெரியும் அண்ணாச்சி. பரவாயில்ல, ரொம்ப நேரம் உக்காந்துட்டா."

"கோமதிநாயகம்," என்றார் முதலாளி படிக்கட்டிலிருந்து. "கூட்டம் நிக்கி. பாஸக் கீஸக் குடுத்தீருன்னா, நீரும் அவ கூடவே போக வேண்டியதுதான்."

பாஸ் புத்தகத்தை எடுத்தேன். பேனாவை ஒரு தடவைதான் திறந்தேன். பெயர், வள்ளிமயில். காரணம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. எத்தனை பேர் என்று ஒரு கட்டம் உண்டு. எப்போதும் ஒன்று என்றுதான் போடுவோம். நான் இரண்டு என்று போட்டேன். வெளியே போகும் நேரம், பதினோரு மணி பத்து நிமிஷம். திரும்பும் நேரத்தை எழுதவில்லை. கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தேன். "போன வருஷமே குடுத்திருக்கணும்மா," என்றேன். "நான் ஒன்னைய நம்பியிருக்கணும்." அவள் பாஸை வாங்கிக்கொண்டு, ஒரு தடவை தலையை ஆட்டிவிட்டு, முதலாளியைத் தாண்டிப் படியிறங்கிப் போனாள்.

சிவப்புச் சேலை முன்னால் அந்தப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள், அவள் மகள் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "அண்ணாச்சி, நீங்களாவது சொல்லுங்க. சாயம் போகுமா?"

வாயைத் திறந்தேன். எந்தப் பிள்ளையும் வந்து எனக்காகப் பேசவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக் கரகரத்த குரல்தான் வந்தது. "போகும்மா. ஒரே தண்ணியில போயிரும். எடுக்காதீங்க." முதலாளி என்னைப் பார்த்தார், அவர் முகத்தில் கோபத்தைவிடத் திகைப்புதான் அதிகமாக இருந்தது. ஜெபராணி தன் எதிரே இருந்தவளிடம், "ஆமாக்கா, போகும், எடுக்காதீங்க" என்றாள், அடுத்த கவுண்ட்டர்க்காரியும் சொன்னாள்.

அப்போது என் மேசைப் போன் அடித்தது. போன வருஷம் இதே நேரத்துக்கு அடித்த அதே போன். எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். கீழே கேட்டிலிருந்து மாசானம்.

"அண்ணாச்சி, பாஸ்ல ரெண்டு பேர்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

அவர் பக்கம் தெருவில் தபசுக் கூட்டத்தின் மேளம் கேட்டது.

"இல்ல, எண்ணிக்க சரியாத்தான் இருக்கு," என்றார் மாசானம், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு. "பிள்ள தூங்குது அண்ணாச்சி, தோள்ல போட்டிருக்கா. கேட்ட மெல்லத் தெறந்து விடுதேன்."

அந்தப் பின்பக்க இரும்புக் கேட் எண்ணெய் காணாதது. திறந்தால் நாலாவது மாடி வரை கிறீச்சென்று கேட்கும், முப்பது வருஷமாகக் கேட்டிருக்கிறேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அன்றைக்கு அது சத்தமே போடவில்லை.